‘டேக்’ படுத்தும் பாடு

நாவற்குடாவில் நம் அயல் வீட்டில் ஒரு மூதாட்டியார் இருக்கிறார். அவருக்கு இரத்த அழுத்த நோய். மாதம் ஒரு முறை கிளினிக்குக்குப் போய்வருவார். துணைக்கு மகளின் மகன் செல்வான். பேரன் க.பொ.த. உயர்தர வகுப்பு மாணவன், ஆங்கிலத்தில் ஆர்வமுள்ளவன். அங்கே அவர்களைப் பார்க்கும் மருத்துவருக்குத் தாய்மொழி சிங்களம்; தமிழ் வராது. ஆகவே அக்கரைக்கும் இக்கரைக்கும் தோணி விடுவது போல மருத்துவருக்கும் அம்மம்மாவுக்கும் நடுவில் ஆங்கிலத் தோணி விடுபவன் இந்தப் பேரனே.

ஒரு நாள் மருத்துவர் அழுத்தத்தை அளந்து பார்த்தார். முன் மாதத்தைவிடக் கூடியிருந்தது. “ஹாஸ் ஷீ டேக்கன் தி டேப்லெட்ஸ்?” என்று பேரனிடம் வினவினார். பேரன் பாட்டியின் பக்கம் திரும்பி, “அம்மம்மா, மருந்து எடுத்தீங்களா?” என்றான். “ஓம் மனே, போன முறையே எடுத்திட்டனே” என்றார் அவர். “யெஸ் டொக்டர், ஷீ டுக் தெம்” என்று பேரன் மொழிபெயர்த்தான். மருந்து உண்டும் அழுத்தம் தணியவில்லையே என்று கருதிய மருத்துவர், குளிசையின் அளவை இரட்டித்து எழுதிக் கொடுத்தார்.

மூதாட்டியார் மருந்தை ‘எடுத்தது’ மெய்தான். மருந்து வழங்கும் யன்னலிலே கைநீட்டி எடுத்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து அலுமாரியில் வைத்தார். பழைய குளிசைகள் சில மிச்சமிருந்தன. அவை முடியட்டும் என்று அவற்றையே நினைத்தபோது ஒன்று, மறந்தபோது இல்லை என்று விழுங்கிவந்தார். புதிய பொட்டலம் பிரிக்கப்படவே இல்லை. அன்று வாயிலில் நின்ற தாதி ஒருவர், “வீட்டில எத்தனை குளிசை மிச்சம் இருக்கு?” என்று தற்செயலாகக் கேட்டிராவிட்டால், ஒற்றை அளவையே ஒழுங்காக உண்ணாத உடம்பு மறுநாள் காலையில் இரட்டை அளவை ஏற்றிருக்கும். அழுத்தம் திடீரென இறங்கித் தலை சுற்றி விழுவதற்கு அது போதும்.

இதில் யார் பொய் சொன்னார்? ஒருவருமில்லை. யாருடைய இலக்கணம் பிழைத்தது? ஒருவருடையதும் இல்லை. ‘ஷீ டுக் தெம்’ என்பது எந்த ஆசிரியரும் சிவப்பு மையால் தொடாத வாக்கியம். நாம் இந்தக் கட்டுரையை எழுத நேர்ந்தது அதனாலேதான். பிழையான ஆங்கிலம் பேசினால் கேட்பவர் முகம் சுளிப்பார், ‘என்ன சொன்னாய்?’ என்று மறுபடி கேட்பார். சரியான வாக்கியமாக வெளிவந்து வேறு பொருளைச் சொல்லிவிடும் ஆங்கிலத்தை எவரும் மறித்துக் கேட்பதில்லை.

‘டேக்’ என்ற இந்தச் சிறு வினையின் மூன்று உருவங்களும் மாணவர் அறிந்தவையே: டேக், டுக், டேக்கன். (யாழ்ப்பாணத்து நண்பர்கள் ‘ரேக்’ என்று எழுதுவார்கள். டகரமும் ரகரமும் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வாரா என்பது தொல்காப்பியர் காலத்து விதி. எப்படி எழுதினாலும் அவர் நம்மை மன்னிக்கப் போவதில்லை.) ‘ஹாவ்’ என்னும் துணைவினைக்குப் பின் ‘டுக்’ வராது, ‘டேக்கன்’ தான் வரும் என்ற ஒன்றை நினைவூட்டி உருவங்களை விட்டுவிடுவோம். தொல்லை உருவத்தில் இல்லை, பொருளில் இருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், ‘டேக்’ ஆங்கிலேயரின் சொந்தச் சொல்லே அன்று. பழைய ஆங்கிலத்தில் இப்பொருளுக்கு ‘நிமன்’ என்றொரு சொல் இருந்தது. ஜெர்மானியர் இன்றும் ‘நேமென்’ என்கிறார்கள். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வடகடல் கடந்து வந்து இங்கிலாந்தில் குடியேறிய ஸ்காண்டிநேவியர் ‘டக்கா’ என்ற தம் சொல்லையும் கொண்டுவந்தார்கள். நாளடைவில் வந்த சொல் வீட்டுக்காரனாயிற்று. இருந்த சொல் வெளியேறியது. ‘நிமன்’ வாழ்ந்த வீட்டின் அடையாளமாக இன்று எஞ்சியிருப்பவை ‘நிம்பிள்’, ‘நம்’ என்னும் இரண்டொரு சொற்களே. சட்டென்று பற்றிக்கொள்ள வல்லவன் ‘நிம்பிள்’. உணர்ச்சி பறிக்கப்பட்டு மரத்துப்போன விரல் ‘நம்’. மேசை, அலுமாரி, யன்னல், சாவி என்று போர்த்துக்கேயரிடமிருந்தும், கந்தோர் என்று ஒல்லாந்தரிடமிருந்தும் பெற்று நாமும் புழங்குகிறோம். ஆனால் அவையெல்லாம் பொருள்களின் பெயர்கள். நாள்தோறும் நூறு முறை நாவில் வரும் ஒரு வினைச்சொல்லையே ஒரு மொழி பிறரிடமிருந்து பெற்றது அரிய செய்தி.

புளியந்தீவிலே நிற்கும் கோட்டையைப் போர்த்துக்கேயர் 1628ஆம் ஆண்டில் கட்டினர். ஒல்லாந்தர் 1638இல் கைப்பற்றினர். இந்தக் கைப்பற்றலுக்கும் ஆங்கிலத்தில் ‘டுக்’ என்ற ஒரே சொல் போதும். கோட்டையை ‘எடுத்தார்கள்’ என்று நாம் சொல்வோமா? மாட்டோம். கோட்டையைக் ‘கொண்டார்கள்’ என்று பழந்தமிழ் சொல்லும்.

இங்கேதான் நாம் மாணவருக்கு முக்கியமாகச் சொல்ல விரும்புவது வருகிறது. ‘டேக் என்றால் எடு’ என்று முதல் வகுப்பிலே மனனம் செய்தோம். அது கையளவுக்கே உண்மை. மேசைமேலிருக்கும் புத்தகத்தை எடு, பேனாவை எடு என்பதோடு அந்த உறவு முடிகிறது. ‘டேக்’ என்பதன் மெய்யான உடன்பிறப்பு ‘எடு’ அன்று, ‘கொள்’. பேச்சிலே அது தேய்ந்து, வேறு வினைகளின் வாலாக ஒட்டிக்கொண்டு கிடப்பதால் நம் கண்ணிற் படுவதில்லை. எழுத்துத் தமிழிலே தேடிப் பாருங்கள். ‘டேக் பார்ட்’ என்பது பங்குகொள்ளுதல். ‘டேக் ரெஃப்யூஜ்’ அடைக்கலம் கொள்ளுதல். ‘டேக் இன்டு அக்கவுண்ட்’ கணக்கிற் கொள்ளுதல். ‘டேக் டு ஹார்ட்’ மனத்திற் கொள்ளுதல். ‘டேக் எ வைஃப்’ பெண் கொள்ளுதல், கொண்டவன் கணவன். இவற்றுட் சில ஆங்கிலத்தைப் பார்த்து நம்மவர் பிற்காலத்தில் அமைத்துக்கொண்டவையாகவும் இருக்கலாம். அப்படியானாலும், அமைத்தவர்களின் கை ‘எடு’வை நாடாமல் ‘கொள்’ளை நாடியது கவனிக்கத்தக்கது.

இன்னுமொன்று. ‘இந்தத் தோணி எட்டுப் பேர் கொள்ளும்’, ‘இந்தப் பானை மூன்று கொத்து அரிசி கொள்ளும்’ என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆங்கிலேயனும் ‘திஸ் போட் டேக்ஸ் எய்ட்’ என்றே சொல்வான். இரண்டு மொழிகளும் ஒன்றையொன்று அறியாத காலத்திலேயே, உள்ளே இடம் கொடுத்து ஏற்பதையும் கையால் பற்றுவதையும் ஒரே வினையில் அடக்கி வைத்திருக்கின்றன.

மருந்துக்குத் திரும்புவோம். ‘டேக் மெடிசின்’ என்பதற்குச் செந்தமிழ் ‘மருந்து உட்கொள்’. பாருங்கள், மறுபடியும் கொள்! உள்ளே கொள்வது எதுவோ அதுவே ‘டேக்’. பேச்சுத் தமிழில் குளிசையாயின் ‘போட்டீங்களா?’ என்றும், பாணியாயின் ‘குடிச்சீங்களா?’ என்றும் கேட்பதே வழக்கம். ‘மருந்து எடுக்கப் போறன்’ என்று நம் ஊரில் ஒருவர் சொன்னால் மருத்துவரிடமோ மருந்துக் கடைக்கோ போகிறார் என்று பொருள். பேரன் தன் வீட்டுத் தமிழை விட்டுவிட்டு ஆங்கிலச் சொல்லுக்கு நேர்ச் சொல் தேடினான். தேடிய சொல்லும் தமிழாகவே இருந்தது. ஆனால் வேறு பொருளுடைய தமிழாக இருந்தது.

மருத்துவர் எழுதித் தரும் சீட்டின் தலைப்பிலே ஆங்கில ‘ஆர்’ எழுத்தின் வாலில் குறுக்குக்கோடு போட்டது போன்ற ஒரு குறி இருப்பதைப் பலர் கண்டிருப்பர். அது ‘ரெசிப்பே’ என்ற இலத்தீன் சொல்லின் சுருக்கம். பொருள்: ‘டேக்’! அந்தக் கட்டளை நோயாளிக்கு அன்று, மருந்து கலப்பவருக்கு. இன்ன சரக்கில் இத்தனை எடு, இன்னதில் இத்தனை எடு என்று மருத்துவர் அவருக்கு எழுதிய காலத்துப் பழக்கம் அது. (சமையற் குறிப்பை ஆங்கிலத்தில் ‘ரெசிப்பி’ என்பதும் இதே சொல்தான். பழைய ஆங்கிலச் சமையல் ஏடுகளிலும் குறிப்புகள் ‘டேக்’ என்று தொடங்குவதுண்டு. ‘அரை இறாத்தல் மாவை எடுத்து’ என்று நம் வீட்டுப் பெண்கள் எழுதி வைப்பதும் அப்படித்தானே!) அதே சீட்டின் அடியில் சில வேளை ‘டி.டி.எஸ்.’ என்றிருக்கும். நாளுக்கு மூன்று முறை என்பது அதன் கருத்து. கடைசி ‘எஸ்’ ‘சூமென்டும்’ என்ற சொல்லைக் குறிக்கும். அதற்குப் பொருள் ‘உட்கொள்ளப்பட வேண்டியது’. ஆக, ஒரே சீட்டிலே இரண்டு ‘டேக்’குகள். தலைப்பில் இருப்பது எடுக்கச் சொல்கிறது, அடியில் இருப்பது உட்கொள்ளச் சொல்கிறது. நம் மூதாட்டியார் முதலாவதற்குப் பதில் சொன்னார். மருத்துவர் இரண்டாவதைக் கேட்டார்.

‘எடு’ நம்மை வழிமாற்றும் வேறு இடங்களும் உள. இலங்கைத் தமிழர் பலர் ‘கோல் எடுக்கிறேன்’ என்கிறோம். தொலைபேசியில் நாம் ஒருவரை அழைப்பது அதன் பொருள். இதை அப்படியே ‘ஐ வில் டேக் எ கோல்’ என்று ஆக்கினால், வரும் அழைப்பை ஏற்பேன் என்று பொருள்படும். வேலைக்கு விண்ணப்பித்த ஓர் இளைஞன் ‘நாளைக் காலை ஐ வில் டேக் எ கோல்’ என்று எழுதினால், வெளிநாட்டு முதலாளி ‘நாம் அழைக்க வேண்டும் போலும்’ என்று எண்ணுவார். தம்பியோ அவர் சொன்ன நேரத்துக்கு எண்ணைத் தட்டி, பேச்சில் இருக்கும் இணைப்பைக் கண்டு திகைப்பான். அழைப்பதற்கு ‘கிவ் எ கோல்’, ‘மேக் எ கோல்’, அல்லது வெறும் ‘கோல்’ என்க. இந்திய அலுவலகங்களில் ‘டேக் எ கோல்’ என்பதற்குத் ‘தீர்மானம் செய்’ என்றொரு பொருளும் வழங்குகிறது; அந்த நாட்டாருடன் கடிதம் எழுதுவோர் இதனையும் அறிந்திருத்தல் நன்று.

பரீட்சையைப் பற்றிச் சொல்லாமல் மாணவர் விடமாட்டார்கள். பரீட்சைக்குத் தோற்றுவதை நம் நாட்டில் ‘சிட்’ என்றே சொல்லிப் பழகியிருக்கிறோம். அமெரிக்கர் ‘டேக்’ என்பர். இரண்டும் சரியே. ஆனால் ‘மூன்று ஏ எடுத்தான்’ என்பது ‘ஹி டுக் த்ரீ ஏஸ்’ ஆகாது. பெறுபேறு பெறப்படுவது, அதற்கு ‘கெட்’ வினையின் இறந்தகாலமான ‘கொட்’ வரவேண்டும். சம்பளம் எடுப்பதும் அவ்வாறே. கடன் எடுப்பதற்கு மட்டும் ‘டேக்’ பொருந்துகிறது. கடன் எல்லா மொழியிலும் எளிதாகக் கைக்கு வந்துவிடுகிறது போலும்!

ஸ்டூடியோவுக்குப் போய் அடையாள அட்டைக்குப் படம் எடுத்துவந்தவன், ‘நான் படம் எடுத்தேன்’ என்பான். எடுத்தவர் கமராக்காரர், இவன் அசையாமல் இருந்தவன். தமிழ் இதைப் பொறுத்துக்கொள்ளும். ஆங்கிலம் பொறுக்காது. ‘ஐ டுக் எ ஃபோட்டோ’ என்றால் கமரா இவன் கையில் இருந்ததாகிவிடும். ‘ஐ ஹாட் மை ஃபோட்டோ டேக்கன்’ என்பதே முறை. பல் கழற்றுவித்தவருக்கும் இதுவே விதி. ‘ஐ டுக் அவுட் எ டூத்’ என்று சொன்னால், தம் பல்லைத் தாமே குறடு கொண்டு பிடுங்கிய வீரர் என்று கேட்பவர் மெய்சிலிர்ப்பார்.

காலத்தைச் சொல்லும்போது ‘கொள்’ளும் கைவிட்டுவிடும். இங்கே ஆங்கிலத்துக்கு ஒரு விசித்திரமான பழக்கம் உண்டு: எழுவாய் இல்லாத இடத்தில் ‘இட்’ என்ற பொம்மையை உட்கார வைப்பது. நாவற்குடாவிலிருந்து பட்டணம் போக எவ்வளவு நேரம் செல்லும் என்று நாம் கேட்கிறோம், நேரந்தான் செல்கிறது. ஆங்கிலத்திலோ பெயரும் ஊரும் அறியாத அந்த ‘இட்’ நம் நேரத்தைப் பறித்துக்கொள்கிறது: ‘இட் டேக்ஸ் ஃபிஃப்டீன் மினிட்ஸ்.’ யாருடைய நேரம் என்று சொல்ல வேண்டுமாயின், அவரை வினைக்கும் காலத்துக்கும் நடுவில் வைக்க வேண்டும்: ‘இட் டேக்ஸ் மீ ஃபிஃப்டீன் மினிட்ஸ்.’ கல்லடியில் லேடி மன்னிங் பாலம் 1924இல் திறக்கப்படுமுன் வாவியைத் தோணியிலே கடந்தவர்களைக் கேட்டால் இந்த ‘இட்’ எவ்வளவு பேராசைக்காரன் என்று சொல்லியிருப்பார்கள். அப்பாலத்தில் ஒரு வாகனம் வரும்போது எதிர்வாகனம் காத்து நிற்க வேண்டியிருந்தது. 2013இல் பக்கத்திலே அகலமான புதிய பாலம் திறக்கப்பட்ட பின்னர் அந்தக் காத்திருப்பும் ஒழிந்தது. பழைய பாலமும் இன்றுவரை அருகில் நிற்கிறது.

‘டேக்’கும் ‘பிரிங்’கும் கொண்டுபோதலும் கொண்டுவருதலும் ஆம். இரண்டிலும் ‘கொண்டு’ இருப்பதைக் காண்க. திசையைத் தமிழ் ‘போ’, ‘வா’ என்ற பின்சொல்லால் காட்டுகிறது; ஆங்கிலம் வினையையே மாற்றிக் காட்டுகிறது. ‘சாப்பாடு கொண்டு போனாயா?’ என்பதற்கும் ‘சாப்பிட்டாயா?’ என்பதற்கும் ‘டிட் யூ டேக் யுவர் லஞ்ச்?’ என்ற ஒரே வாக்கியத்தை வழங்கும் நம் பழக்கத்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் குழம்புகிறார்கள். இன்றைய ஆங்கிலேயர் அதைக் கேட்டால் சாப்பாட்டுப் பெட்டியைத்தான் நினைப்பர். உண்பதைக் கேட்க ‘ஹாவ்’ என்பதே நன்று. தேநீருக்குச் சீனி போடுவீர்களா என்று கேட்கும்போது மட்டும் ‘டூ யூ டேக் ஷுகர்?’ என்பது இன்றும் அழகாக ஒலிக்கிறது.

‘டேக் பிளேஸ்’ என்பது மாணவரின் விடைத்தாள்களில் நாம் அடிக்கடி இடறும் கல். நிகழ்தல் என்பது அதன் பொருள். தானாக நிகழ்வதைச் செயப்பாட்டு வினையாக்க முடியாது. ‘தி ஃபெஸ்டிவல் வாஸ் டேக்கன் பிளேஸ்’ என்று எழுதுவது ‘திருவிழா நிகழப்பட்டது’ என்பதற்கு ஒப்பாகும். ‘டுக் பிளேஸ்’ என்று எழுதிவிட்டு மேலே செல்க. ‘டேக்’குடன் ‘ஆஃப்’, ‘அப்’, ‘ஓவர்’, ‘ஆஃப்டர்’ முதலியன சேர்ந்து விளைவிக்கும் பொருள்கள் தனியே ஒரு கட்டுரைக்கு உரியவை. கோயில் வாயிலில் செருப்பைக் கழற்றுவதும் விமானம் மேலே கிளம்புவதும் ஒரே ‘டேக் ஆஃப்’ என்பதைச் சொன்னாலே அதன் அகலம் விளங்கும். அவற்றை அகராதியில் பார்த்துக்கொள்ளலாம்.

உயிரைப் பற்றிய ஓர் எச்சரிக்கை. தொல்லை தரும் தம்பியை ‘உயிரை எடுக்காதே’ என்று தமிழில் அதட்டலாம். அதை ஆங்கிலத்தில் சொல்லக்கூடாது. ‘டேக் எ லைஃப்’ என்பது கொலை. அந்த இடத்திலும் தமிழின் ‘கொள்’ உடன் நிற்கிறது: பலிகொள்ளுதல். கடல் நிலத்தையும் மக்களையும் வாரிக்கொள்வதைக் கடல்கோள் என்று முன்னோர் அழைத்தனர். கோள் என்பது கொள் என்பதன் பெயர் வடிவம். நூல்களிலே மட்டும் படித்த அந்தச் சொல் 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலையில் நாவலடியிலும் கல்லடியிலும் இந்தக் கரை நெடுகிலும் மெய்யாயிற்று. அன்று பறிகொடுத்தவர்கள் வெளிநாட்டுத் தொண்டர்களிடம் ஆங்கிலத்தில் சொல்ல முடிந்ததும் ‘தி சீ டுக் தெம்’ என்ற அளவே. அந்த வாக்கியத்துக்கு எவரும் இரண்டாம் பொருள் கொள்ளவில்லை.

நம் பேரன் இப்பொழுது ஒரு கொப்பி வைத்திருக்கிறான். அதில் ‘டேக்’ என்று தனியே எழுதுவதில்லை. அதனோடு வரும் சொல்லையும் சேர்த்து, எதிரே அம்மம்மா வழங்கும் தமிழை எழுதுகிறான். அகராதித் தமிழை எழுதுவதில்லை. ‘டேக் தி டேப்லெட்’ என்பதற்கு நேரே ‘குளிசை போடு’ என்றிருக்கிறது. ‘டேக் ஆஃப்டர்’ என்பதற்கு நேரே ‘உரித்து வைத்தது போல’ என்று எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி இட்டிருக்கிறான். நமக்கு அது பிடித்திருந்தது. கேள்விக்குறியை அழிக்கச் சொன்னோம்.

அடுத்த கிளினிக் நாளில் அவன் பிரிக்காத பொட்டலத்தையும் எடுத்துச் சென்று நடந்ததைச் சொன்னான். மருத்துவர் சிரித்துவிட்டு அளவைப் பழையபடி குறைத்து எழுதினார். வீட்டுக்கு வந்த பின், “நீங்க அண்டைக்குச் சரியாச் சொல்லியிருந்தா இவ்வளவு பாடு இல்லையே” என்று பேரன் பாட்டியிடம் குறைப்பட்டுக்கொண்டான். வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்த மூதாட்டியார் நிமிர்ந்து பார்த்தார்.

“எடுத்தன் எண்டுதானே மனே சொன்னன்? குடிச்சன் எண்டா சொன்னன்?”